பரணிலிருந்து இறங்கிய நாயகன்: வாசகர் கேள்வி பதில்

பள்ளிப் பருவத்தில் மனத்துக்குள் குடிவைத்திருந்த ஒரு நடிகரையோ பாடகியையோ விளையாட்டு வீரரையோ நடுவயதில் மறுபடி எதிர்கொள்ள நேர்ந்தவர்கள் தங்கள் அனுபவத்தை எழுதலாம் என்று இந்தப் பகுதியில் கேட்டிருந்தேன். வந்த கடிதங்களில் பலவும் 'பெயர் வேண்டாம்' என்ற வரியோடுதான் தொடங்கின. ஆகவே பெயர்களை நீக்கிவிட்டேன். கடிதங்களைச் சுருக்கி, முதல் கடிதத்துக்கு நீளமாகவும் மற்றவற்றுக்குத் தேவையான அளவிலும் பதில் எழுதியிருக்கிறேன்.

கேள்வி: அன்புள்ள அம்மா, எனக்கு 46 வயது. பரணைச் சுத்தம் செய்தபோது, பதினைந்து வயதில் நான் படம் ஒட்டி வைத்திருந்த நோட்டு ஒன்று பழைய பெட்டியில் கிடைத்தது. அன்று புகழின் உச்சியில் இருந்த ஒரு நடிகரின் படங்களை வார இதழ்களிலிருந்து வெட்டி, பக்கத்துக்கு ஒன்றாக ஒட்டி, ஒவ்வொன்றின் கீழும் ஊதா மையில் தேதி எழுதியிருக்கிறேன். உடன் நடித்த கதாநாயகிகளையெல்லாம் கத்தரித்து எறிந்திருக்கிறேன். ஒரே ஒரு படத்தில் மட்டும் அவர் தோளின் மேல் ஒரு பெண்ணின் கை மிஞ்சியிருக்கிறது; விரல்களை வெட்டினால் தோளும் சேர்ந்து போய்விடுமே என்று விட்டிருப்பேன் போலும். அவருக்குத் திருமணம் நடந்த செய்தி வந்த நாளோடு நோட்டு நின்றுவிடுகிறது. அன்று தலைவலி என்று சொல்லிவிட்டுப் போர்வைக்குள் அழுதுகொண்டிருந்தது நினைவிருக்கிறது.

நோட்டைப் பார்த்த அன்றிரவு, எல்லோரும் தூங்கிய பிறகு, இயர்போனை மாட்டிக்கொண்டு அவருடைய பழைய படம் ஒன்றைக் கைபேசியில் பார்த்தேன். பார்த்திருக்கவே வேண்டாம் என்று ஆகிவிட்டது. 'வேண்டாம்' என்று சொல்லிக்கொண்டே விலகிப் போகும் பெண்ணை அவர் தெருத்தெருவாகத் துரத்துகிறார், கையைப் பிடித்து இழுக்கிறார். பின்னணியில் இனிய இசை ஒலிக்கிறது. அவர் அழுகிற காட்சியில் எனக்குச் சிரிப்பு வந்தது. ஆனால், ஒரு சிறுவனின் முன்னால் முழங்காலிட்டு அவன் செருப்பு வாரை மாட்டிவிடுகிற அரை நிமிடக் காட்சி வந்தபோது, அன்று துள்ளியதைப் போலவே நெஞ்சு துள்ளியது. அவ்வளவு அறிவில்லாமலா இருந்தேன்? அறிவு வந்த பிறகும் ஏன் துள்ளுகிறது? என் கணவர் நல்லவர். அவருக்கு இது துரோகமாகுமா?

பதில்: சகோதரி, கடைசிக் கேள்வியை முதலில் முடித்துவிடலாம், ஏனென்றால் உங்கள் மூன்று கேள்விகளில் அதுதான் எளியது. அரை நிமிடம் நெஞ்சு துள்ளியதில் உங்கள் கணவருக்குச் சேர வேண்டிய எதுவும் குறைந்துவிடவில்லை. எல்லோரும் தூங்கிய பிறகு, இயர்போனோடு, இருட்டில் பார்த்தீர்கள் பாருங்கள், அந்தத் தோரணைதான் ஒரு பழைய படத்தைக் குற்றமாக மாற்றிவிட்டது. தோளில் ஒற்றைக் கை மிஞ்சியிருக்கும் அந்தப் பக்கத்தை அவரிடம் காட்டுங்கள். சிரிப்பார் என்றே நினைக்கிறேன். நீங்களும் சேர்ந்து சிரிக்கலாம்.

அறிவில்லாமல் இருந்தேனா என்ற கேள்வியைத்தான் நான் பெரியதாக எடுத்துக்கொள்கிறேன். மறுமொழி கிடைக்காத அன்பை அறிவின்மை என்று தள்ளிவிடும் வழக்கம் நம் மொழிக்கு இல்லை. அதற்குக் கைக்கிளை என்று பெயரிட்டு, இலக்கணத்தில் இடமும் கொடுத்திருக்கிறது. தொல்காப்பியம் அதை விளக்கும்போது 'சொல்லெதிர் பெறாஅன் சொல்லி இன்புறல்' என்கிறது. அந்த நூற்பா, பருவம் வராத பெண்ணிடம் பேசும் ஓர் ஆணைப் பற்றியது என்றாலும், பதில் வராது என்று தெரிந்தும் பேசி, அந்தப் பேச்சிலேயே இன்பம் காண்பது என்ற இலக்கணம், ஊதா மையில் தேதி எழுதிய உங்களுக்கும் அப்படியே பொருந்துகிறது. புறநானூற்றில் நக்கண்ணையார் பாடிய மூன்று பாட்டுகள் இன்னும் நெருக்கமானவை. கோப்பெருநற்கிள்ளி என்ற சோழ இளவரசன் மற்போர் செய்கிறான். வெற்றி அவனுக்கே என்று ஒரு சாராரும், இல்லை என்று மற்றொரு சாராரும் பேசிக்கொள்கிறார்கள். பாட்டைச் சொல்லும் பெண்ணோ சிலம்பு ஒலிக்க ஓடி, தன் வீட்டுப் பனைமரத்தில் சாய்ந்து நின்று, அவன் வெல்வதைத் தானே கண்ணால் காண்கிறாள். கூட்டத்துக்குள் அவள் போகவில்லை, அவன் திரும்பிப் பார்த்ததாகவும் பாட்டில் இல்லை. உங்கள் நோட்டு அந்தப் பனைமரம்தான்.

சமூக அறிவியல் இந்த இடத்துக்கு வந்து சேர 1956-ஆம் ஆண்டு ஆயிற்று. வானொலியும் தொலைக்காட்சியும் திரைப்படமும், நேருக்கு நேர் பழகுவது போன்ற ஓர் உணர்வைப் பார்வையாளருக்குக் கொடுக்கின்றன என்றும், அந்த உறவு ஒரு பக்கம் மட்டுமே ஓடுவது என்றும் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இரு அமெரிக்க ஆய்வாளர்கள் அந்த ஆண்டில் எழுதினார்கள். அதற்குச் சில ஆண்டுகள் முன்பே எரிக் எரிக்சன் என்ற உளவியலாளர், வளரிளம் பருவத்துக் காதல் பெரும்பாலும் தான் யார் என்று கண்டுபிடிக்கும் முயற்சி என்றும், இன்னும் உருப்பெறாத தன் சாயலை இன்னொருவர் மீது படியவைத்துப் பார்ப்பது என்றும் சொல்லியிருந்தார். பதினைந்து வயதில் அந்த முயற்சியை நிஜமான ஒருவரிடம் செய்து பார்த்தால், அவர் சிரிக்கலாம், ஊர் முழுக்கச் சொல்லலாம், அத்துமீறலாம். ஒட்டி வைத்த படம் அதில் எதையும் செய்யாது. உங்களைக் காயப்படுத்த முடியாத தூரத்தில் இருக்கும் ஒருவரைத் தேர்ந்தெடுத்தீர்கள். அந்த வயதுக்கு அது நல்ல அறிவு என்றே சொல்வேன்.

இப்போது கத்தரிக்கோலுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் என்னை நிறுத்தி வைத்த சொல் அதுதான். நீங்கள் நேசித்தவர் அந்த நடிகர் அல்லர், அவர் ஏற்ற பாத்திரமும் அன்று. இரண்டிலிருந்தும் வேண்டியதை மட்டும் வெட்டி எடுத்து, பசை தடவி நீங்கள் செய்துகொண்ட மூன்றாவது ஆள். கதாநாயகிகளைக் காகிதத்திலிருந்து வெட்டியதுபோல, துரத்தும் காட்சிகளையும் அசட்டு அழுகையையும் நினைவிலிருந்து வெட்டியிருக்கிறீர்கள். இரவில் கைபேசியில் ஓடியதோ வெட்டுப்படாத முழுப் படம். வெட்டி எறிந்த துண்டுகளெல்லாம் ஒரே நேரத்தில் திரும்பி வந்து முகத்தில் விழுந்தால் யாருக்கும் அதிர்ச்சியாகத்தான் இருக்கும். படம் மாறவில்லை, நீங்களும் ஏமாற்றப்படவில்லை. உங்கள் நோட்டும் அந்தப் படமும் தொடக்கத்திலிருந்தே இரண்டு வேறு பொருள்கள்.

நெஞ்சு ஏன் இன்னும் துள்ளுகிறது என்று கேட்டீர்கள். நடுவயதைக் கடந்தவர்களிடம் வாழ்க்கை நினைவுகளைச் சொல்லச் சொன்னால், ஏறத்தாழ 10 முதல் 30 வயது வரையிலான காலத்து நினைவுகள் மற்றக் காலத்தவற்றைவிடக் கூடுதலாக வந்து நிற்கின்றன. டேவிட் ரூபினும் உடன் ஆய்வாளர்களும் 1986-இல் இதை விரிவாக எடுத்துக்காட்டினார்கள்; வரைபடத்தில் அந்த வயதில் மட்டும் கோடு மேடு தட்டி நிற்கும். முதன்முறையாக நடப்பவை அந்தக் காலத்தில்தான் அதிகம் என்பது ஒரு காரணம். இன்பத்துக்கு விழித்துக்கொள்ளும் மூளைப் பகுதிகள் அப்போது கூர்மையாக இருக்க, கடிவாளம் பிடிக்கும் முன்மூளை முதிர்வதற்கு இருபதுகளின் நடுப்பகுதிவரை ஆகிறது என்பது இன்னொரு காரணம். அப்படிப் பதிந்தது, அதே காட்சி கண்ணில் பட்டதும், உங்கள் அனுமதியைக் கேட்காமல் எழுந்து வந்துவிட்டது.

ஆனால் எந்தக் காட்சியில் துள்ளியது என்று பாருங்கள். இரண்டரை மணி நேரப் படத்தில் சண்டைக்குத் துள்ளவில்லை, பாட்டுக்குத் துள்ளவில்லை. ஒரு பெரிய மனிதர் சின்னப் பையனின் முன்னால் மண்டியிட்டுச் செருப்பு வாரை மாட்டிவிட்டபோது துள்ளியது. பதினைந்து வயதில் உங்களுக்கு எது அழகாகப் பட்டது என்பதற்கு இதைவிடத் துல்லியமான சாட்சி கிடைக்காது. நோட்டை மறுபடி எடுத்து, அவருடைய முகத்தை விட்டுவிட்டு, எந்தெந்தப் படங்களை வெட்டத் தேர்ந்தீர்கள் என்று மட்டும் பாருங்கள். உங்கள் கணவரிடம் நீங்கள் முதலில் கவனித்தது எது என்று நான் கேட்கப்போவதில்லை.

ஒரு விஷயத்தில் மட்டும் நீங்கள் கோபப்படுவது சரி. 'வேண்டாம்' என்ற சொல்லுக்குப் பின்னால் இனிய இசையை வைத்தவர்கள் விவரம் தெரிந்த பெரியவர்கள். இருட்டில் உட்கார்ந்து பார்த்த சிறுமிக்கு, இதுதான் காதல் என்று அந்த இசை சொல்லிக்கொடுத்தது. வெட்டி எறிந்தோம் என்று நினைத்த அந்தத் துண்டில் கொஞ்சம் உங்களிடமே ஒட்டிக்கொண்டிருந்து, பின்னாளில் யாருடைய பிடிவாதத்தையாவது அன்பு என்று எண்ணிப் பொறுத்துக்கொள்ள வைத்ததா என்பதை யோசித்துப் பார்ப்பது நல்லது. வெட்கப்பட வேண்டியவர் அந்தச் சிறுமி அல்லர்.

அவருடைய மற்றப் படங்களையும் வரிசையாகத் தேடிப் பார்க்காதீர்கள். செருப்பு வார்க் காட்சி ஒரு படத்தில்தான் இருக்கும். நோட்டை எரிக்கவும் வேண்டாம். வார இதழ்களின் மலிவுத் தாளில் மரக்கூழில் இயல்பாக உள்ள லிக்னின் என்ற பொருள் நீக்கப்படாமல் இருப்பதால், வெளிச்சமும் காற்றும் படப்படப் பழுப்பேறி நொறுங்கும். ஈரமில்லாத, இருட்டான இடத்தில் படுக்கை வாட்டில் வையுங்கள். பிரிந்துவரும் படங்களை ஒட்டுநாடா போட்டு ஒட்டாதீர்கள். அந்தப் பசை மஞ்சளாகிப் படத்தையே தின்றுவிடும். லாமினேட்டும் செய்ய வேண்டாம்.

கேள்வி: எனக்கு வயது 43. நான் மயங்கியது ஒரு நடிகரின் குரலுக்கு. கண்ணை மூடிக்கொண்டு அவர் பேசுவதை மட்டும் கேட்பேன். அந்தக் குரல் அவருடையதே இல்லை, வேறொரு டப்பிங் கலைஞருடையது என்று அண்மையில் ஒரு பேட்டியைப் பார்த்துத் தெரிந்துகொண்டேன். அப்படியானால் நான் யாரை நேசித்தேன்?

பதில்: இருவரையும் சேர்த்து ஒட்டியதை நேசித்தீர்கள்; இந்த முறை கத்தரிக்கோலும் பசையும் உங்கள் கையில் இல்லாமல் ஒலிப்பதிவுக் கூடத்தில் இருந்தன, அவ்வளவுதான். இது உலகம் முழுவதும் நடப்பது. 1964-இல் வெளிவந்த 'மை ஃபேர் லேடி'யில் ஆட்ரி ஹெப்பர்ன் வாயசைத்த பாடல்களில் பெரும்பகுதியைப் பாடியவர் மார்னி நிக்சன். திரையில் அவர் பெயரைக் காட்டவில்லை. அந்தப் பாடல்களுக்காக ஹெப்பர்ன்மீது மையல் கொண்டவர்கள், பெயர் தெரியாத ஒரு பெண்ணுக்கும் பாதியைக் கொடுத்திருக்கிறார்கள்.

எனக்கும் ஒரு குரல் இருந்தது. வானொலியில் இரவுச் செய்தி வாசித்த அந்தக் குரலுக்கு உயரமான உடலும் நரை கலந்த கிருதாவும் நானே கொடுத்து வைத்திருந்தேன். பிறகு ஒரு நாள் அவருடைய புகைப்படத்தைப் பார்த்தபோது, யாரோ ஓர் அந்நியர் என் ஆளின் பெயரை வைத்துக்கொண்டதுபோல் ஒரு வாரம் எரிச்சலாக இருந்தது. பாவம், அவர் செய்தி மட்டுமே வாசித்தார். உங்களுக்கு இப்போது ஒரு வசதி இருக்கிறது. அந்த டப்பிங் கலைஞரின் பெயர் தெரிந்துவிட்டதால், அவர் வேறு யாருக்கெல்லாம் குரல் கொடுத்திருக்கிறார் என்று தேடிக் கேளுங்கள். குரலுக்காகவே பாராட்டப்படும் வாய்ப்பு அவருக்கும் அடிக்கடி வாய்த்திருக்காது.

கேள்வி: வயது 52, ஆண். பதினேழு வயதில் நான் உருகிய நடிகை, இப்போது கதாநாயகனின் அம்மாவாக வருகிறார். அவர் முகத்தில் சுருக்கங்களைப் பார்க்கும்போது எதையோ இழந்ததுபோல் துக்கமாக இருக்கிறது. நண்பர்கள் கேலி செய்கிறார்கள்.

பதில்: ஐயா, உங்கள் துக்கத்தைக் கேலி செய்ய மாட்டேன், ஆனால் அது யாருக்கானது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. நீங்கள் பதினேழில் பார்த்தபோது அவருக்கு இருபத்திரண்டு இருந்திருக்குமானால், இன்றும் அவர் உங்களைவிட ஐந்து வயதுதான் மூத்தவர். உங்கள் தலையில் நரை ஒவ்வொன்றாக வந்தது; அவரை இடையில் பார்க்காததால் முப்பத்தைந்து ஆண்டுகளும் ஒரே நொடியில் வந்துவிட்டன. பழைய படங்களில் குளோசப் எடுக்கும்போது, நெற்றிக்கு ஒரு விளக்கு, கன்னத்துக்கு ஒரு விளக்கு, லென்சின் முன்னால் மெல்லிய வலைத்துணி என்று ஒரு கூட்டமே அந்த முகத்தைப் பளபளப்பாக்க வேலை செய்தது. அம்மா பாத்திரத்துக்கு அந்தச் செலவை யாரும் செய்வதில்லை. அதனால் நீங்கள் இன்று அவரை முதன்முறையாக ஏறத்தாழ நேரில் பார்க்கிறீர்கள்.

ஒரு வேலை செய்து பாருங்கள். அவர் அண்மையில் நடித்த படம் ஒன்றை எடுத்து, அவர் பேசாமல் நிற்கும் காட்சிகளில் மட்டும் அவர் கண்கள் எங்கே போகின்றன என்று கவனியுங்கள். அன்று அவரை நடிக்கச் சொன்னதைவிட நின்று காட்டச் சொன்னதுதான் அதிகம்.

கேள்வி: எனக்கு 39 வயது. பதினான்கு வயதில் ஒரு பாடகர்மேல் பித்தாக இருந்தேன். வீட்டில் மிகக் கடினமான ஆண்டுகள் அவை. அவர் பாட்டு இல்லையென்றால் அவற்றைக் கடந்திருக்க மாட்டேன். இன்று பல பெண்கள் அவர்மீது கடுமையான குற்றச்சாட்டுகளைச் சொல்லியிருக்கிறார்கள். 'அவர் அப்படிப்பட்டவர் இல்லை' என்று வாய்வரை வருகிறது. பாட்டைக் கேட்கவும் முடியவில்லை, விடவும் முடியவில்லை.

பதில்: அம்மா, வாய்வரை வந்த அந்தச் சொல்லை அங்கேயே நிறுத்தியதற்காக உங்களை மதிக்கிறேன். அந்தச் சொல்லைச் சொல்ல வருவது முப்பத்தொன்பது வயதுப் பெண் இல்லை. பதினான்கு வயதுச் சிறுமி. அவள் அவருக்குச் சாட்சி சொல்ல முடியாது, ஏனென்றால் அவளுக்கு அவரைத் தெரியாது. அவளுக்குத் தெரிந்தது ஒரு குரலும், சில படங்களும், அந்தக் குரலைச் சுற்றி அவளே கட்டிக்கொண்ட ஒரு மனிதரும்தான். குற்றம் சாட்டும் பெண்களோ, அவரோடு ஒரே அறையில் இருந்ததாகச் சொல்கிறார்கள். எது நடந்தது என்பதை நீதிமன்றம் தீர்மானிக்கட்டும். அதுவரை, பார்த்திராத ஒருவரின் நற்குணத்துக்கு உறுதிமொழி கொடுக்காமல் இருந்தாலே போதும். ஒருவழி உறவின் உண்மையான ஆபத்து இதுதான் என்று நினைக்கிறேன். நாம் அவரை நன்கு அறிவோம் என்ற உணர்வு, அறிவு இல்லாமலேயே முழு வலுவோடு இருக்கும். புகழ் பெற்றவர்கள் சிலர் அந்த உணர்வைக் கேடயமாகத் தூக்கிப் பிடிக்கிறார்கள். அதில் உங்கள் பங்காக ஒரு கைப்பிடியும் இருக்க வேண்டாம்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் குறைத்துச் சொல்ல மாட்டேன். அந்த ஆண்டுகளைக் கடக்க உதவிய பாட்டு, உண்மையிலேயே உதவியது; பாடியவர் எப்படிப்பட்டவர் என்று இன்று தெரியவருவதால், அன்று இரவு நீங்கள் அழுகையை நிறுத்தியது நடக்காததாகிவிடாது. கடந்தது நீங்கள், உங்கள் பலத்தில். பாட்டு பிடித்துக்கொள்ள ஒரு கயிறாக இருந்தது. அதற்காக அவருக்கு நீங்கள் கடன்பட்டவர் என்று எண்ண வேண்டாம். ஒலிநாடா வாங்கியபோதே அந்தக் கணக்கு தீர்ந்துவிட்டது. இனி அவருடைய நிகழ்ச்சிக்குச் சீட்டு வாங்குவதா, அவரை இணையத்தில் பின்தொடர்வதா என்பவை இன்றைய கேள்விகள். அவற்றுக்கு இன்றைய அறிவை வைத்து விடை சொல்லுங்கள். நானாக இருந்தால் இரண்டையும் நிறுத்திவிடுவேன். பாட்டைக் கேட்பதா வேண்டாமா என்று இப்போதே முடிவெடுக்க வேண்டிய அவசியம் இல்லை. எங்காவது தானாக ஒலித்து, உங்கள் உடல் அதை எப்படி எடுத்துக்கொள்கிறது என்று தெரியும் நாள் வரட்டும்.

கேள்வி: என் மனைவிக்கு 41 வயது. அவர் பள்ளி நாட்களில் விரும்பிய இசைக்குழு பல ஆண்டுகளுக்குப் பிறகு மேடையேறுகிறது. மூன்று தோழிகளோடு போகிறார். ஒரு வாரமாகப் பழைய பாட்டுகளை முணுமுணுத்துக்கொண்டே இருக்கிறார். எனக்குக் கொஞ்சம் பொறாமையாக இருக்கிறது என்று எழுதவே வெட்கமாக இருக்கிறது.

பதில்: எழுதியாகிவிட்டது, வெட்கத்தை விட்டுவிடுங்கள். 1841-ஆம் ஆண்டின் இறுதியில் பியானோ கலைஞர் ஃபிரான்ஸ் லிஸ்ட் பெர்லினில் வாசித்தபோது பெண்கள் அவருடைய கைக்குட்டைக்கும் கையுறைக்கும் அடித்துக்கொண்டார்கள். 1844-இல் கவிஞர் ஹைனே அதற்கு 'லிஸ்டோமேனியா' என்று ஒரு நோயின் பெயரையே சூட்டினார். அந்த வீடுகளிலும் கணவர்கள் இருந்தார்கள், பிழைத்தும்கொண்டார்கள். உங்கள் மனைவி மேடையில் இருப்பவரைப் பார்க்க எவ்வளவு ஆசைப்படுகிறாரோ, அந்த மூன்று தோழிகளோடு தொண்டை கிழியக் கத்துவதற்கும் அவ்வளவு ஆசைப்படுகிறார். நீங்கள் உடன் வருகிறேன் என்று கிளம்பிவிடாதீர்கள். திரும்பி வந்ததும் தொண்டைக்கு வெந்நீர் வைத்துக் கொடுங்கள்.

கேள்வி: எனக்கு 48 வயது. பதினாறு வயதில் ஒரு விளையாட்டு வீரருக்கு ஒன்பது பக்கக் கடிதம் எழுதி, அனுப்பாமல் வைத்திருக்கிறேன். அடுத்த மாதம் ஒரு பொது நிகழ்ச்சியில் அவரைச் சந்திக்கும் வாய்ப்பு இருக்கிறது. அந்தக் கடிதத்தைக் கொடுக்கலாமா?

பதில்: சந்தியுங்கள், கடிதத்தைக் கொடுக்காதீர்கள். வரிசையில் நின்று உங்கள் முறை வரும்போது கிடைப்பது அரை நிமிடமோ ஒரு நிமிடமோதான். ஒன்பது பக்கத்தை அதற்குள் அவரால் எதுவும் செய்ய முடியாது, மடித்து உதவியாளரிடம் கொடுப்பார். அந்தக் காட்சியை நீங்கள் பார்க்க வேண்டாம்.

ஆங்கிலக் கவிஞர் பைரன் 1812-இல் ஒரே நாளில் புகழடைந்ததுபோல் ஆனபோது, முன்பின் தெரியாத பெண்கள் அவருக்குக் கடிதங்கள் எழுதிக் குவித்தார்கள். சிலர் பெயரை மறைத்தார்கள், சிலர் அவருடைய கையெழுத்தையோ ஒரு கற்றை முடியையோ கேட்டார்கள். அவற்றில் பலவற்றைப் பைரன் பத்திரமாக வைத்திருந்தார். அவருடைய பதிப்பகத்தாரின் ஆவணங்களோடு அவை இன்று ஸ்காட்லாந்து தேசிய நூலகத்தில் இருக்கின்றன. அவற்றை இன்று படிக்கிற ஆய்வாளர்கள் பைரனைப் பற்றித் தெரிந்துகொள்வது சொற்பம். அந்தப் பெண்கள் எதைப் படித்தார்கள், எதை யாரிடமும் சொல்ல முடியாமல் இருந்தார்கள் என்பதைத்தான் அவற்றிலிருந்து எடுக்கிறார்கள். உங்கள் ஒன்பது பக்கமும் அந்த வகை. முகவரி அவருடையதாக இருந்தாலும் கடிதம் உங்களுடையது.

அவரிடம் சொல்வதற்கு ஒரே ஒரு வாக்கியத்தைத் தயார் செய்துகொள்ளுங்கள். 'உங்கள்மேல் பைத்தியமாக இருந்தேன்' என்பதை அவர் ஆயிரம் முறை கேட்டிருப்பார். அதற்குச் சிரிப்பதைத் தவிர அவருக்கு வழியில்லை. நீங்கள் பார்த்த ஓர் ஆட்டத்தில், அவர் செய்த ஒரு குறிப்பிட்ட காரியத்தைச் சொல்லுங்கள். தோற்ற பிறகு எதிரணியின் இளைய வீரரைத் தட்டிக்கொடுத்ததாக இருக்கலாம், அடிபட்ட காலோடு மீண்டும் இறங்கியதாக இருக்கலாம். தான் செய்த வேலையை ஒருவர் கூர்ந்து பார்த்திருக்கிறார் என்று தெரிந்தால் எந்த மனிதருக்கும் முகம் மாறும். மாறாவிட்டாலும் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. அவர் அன்று களைத்திருக்கலாம்.

கேள்வி: என் மகளுக்குப் பதினான்கு வயது. ஒரு பாடகரின் படங்களால் சுவரே தெரியவில்லை. 'நானும் உன் வயதில் இப்படித்தான் இருந்தேன், எல்லாம் போய்விடும்' என்று அன்பாகத்தான் சொன்னேன். அன்றிலிருந்து அறைக் கதவைச் சாத்திக்கொள்கிறாள். நான் என்ன தவறு செய்தேன்?

பதில்: வாக்கியத்தின் முற்பாதியில் கதவைத் திறந்து, பிற்பாதியில் நீங்களே சாத்திவிட்டீர்கள். 'எல்லாம் போய்விடும்' என்பது உண்மையாக இருக்கலாம். ஆனால் பதினான்கு வயதில் அது, உன் மனத்தில் இப்போது இருப்பது கணக்கில் வராது என்றுதான் காதில் விழும். தவிர, போய்விடும் என்பதும் முழு உண்மை இல்லை. முதல் கடிதம் எழுதிய சகோதரிக்கு நாற்பத்தாறு வயதில் நெஞ்சு துள்ளியிருக்கிறது.

தாய்க்கும் மகளுக்கும் நடுவில் உள்ள இந்தக் கதவு பழையது. முத்தொள்ளாயிரத்தில் ஒரு பாட்டு உண்டு. சேர மன்னன் வீதியில் உலா வருகிறான். அவனைப் பார்த்துவிடக் கூடாது என்று தாய்மார் கதவை அடைக்கிறார்கள், பார்த்தே தீர வேண்டும் என்று பெண்கள் திறக்கிறார்கள். அடைத்தும் திறந்தும் அந்த வீதிக் கதவுகளின் குடுமிகளே, அதாவது கதவு சுழலும் முளைகளே, தேய்ந்துபோயின என்று முடிகிறது பாட்டு. பாடியவர் தாய்மாரையும் குறை சொல்லவில்லை, பெண்களையும் குறை சொல்லவில்லை. தேய்ந்த குடுமியைக் காட்டிவிட்டுப் போய்விட்டார். உங்கள் வீட்டில் அடைப்பவள் மகள் என்பதுதான் வேறுபாடு.

உறக்கம், படிப்பு, தோழமை ஆகியவை கெடாமல் இருக்கும்வரை சுவரைப் பற்றிக் கவலைப்பட வேண்டாம். அந்தப் பாடகரின் பெயரில் யாராவது அவளோடு இணையத்தில் தனியாகப் பேசுகிறார்களா, பணமோ படமோ கேட்கிறார்களா என்பதை மட்டும் நேராகக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். உங்கள் காலத்துப் படங்கள் பதில் பேசியதில்லை, இன்று பதில் பேசுவதுபோல் நடிக்கப் பலர் இருக்கிறார்கள். உங்கள் பழைய நாயகனைப் பற்றி அவளே கேட்டால் சொல்லுங்கள், படத்தைப் பார்த்து அவள் சிரித்தால் சிரிக்க விடுங்கள். இன்று மாலை கதவைத் தட்டி, அவர் பாடியதில் எந்தப் பாட்டை முதலில் கேட்க வேண்டும் என்று அவளிடம் கேளுங்கள். பாட்டு முடியும்வரை கைபேசியை எடுக்காமல், அறையை ஒழுங்குபடுத்தத் தொடங்காமல், அவள் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்திருங்கள்.